தண்ணீர் குடிக்க மறுத்த குட்டை

அனுப்புநர்:
க. பாவாடை (வயது 61),
தந்தை பெயர்: கலியன் (காலஞ்சென்றவர்),
நிலச் சொந்தக்காரர் மற்றும் குட்டை மேற்பார்வையாளர் (தற்சமயம் நிறுத்தி வைப்பில்),
ஓடைமேடு கிராமம், பிரம்மதேசம் வழி,
மரக்காணம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: ஓடைமேடு நீர்வடிப்பகுதியில் மண் அரிப்பைத் தடுக்க ஊர் மக்கள் பங்களிப்போடு வெட்டிய கசிவுநீர்க் குட்டை கசியாமல் போனது – அதனால் புதிதாக ஓர் ஓடை கிளம்பி என் தங்கை மகள் அம்சவல்லியின் வீட்டை நோக்கி வந்துகொண்டிருப்பது – நிறுத்தி வைத்த வேலையை ஐப்பசி மழைக்கு முன் தொடங்க உத்தரவு வேண்டுவது – சம்பந்தமாக.

பார்வை: 1. வேலை நிறுத்த உத்தரவு, நாள் 28.08.2025.
2. நான் என் இரண்டு கண்ணால் பார்த்தது.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசையில் திங்கட்கிழமைதோறும் எத்தனை மனு வந்து குவியும் என்பதை நான் அறிவேன். ஆகவே வளவளவென்று எழுதாமல், நடந்ததை நடந்த வரிசையில் மிகவும் சுருக்கமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. முதலில் என்னைப் பற்றி இரண்டே வரி. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எட்டாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தபடியால் ஒன்பது என்றே தாங்கள் வைத்துக்கொள்ளலாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தெருவிளக்கு, ரேஷன் கார்டு, பஸ் நிறுத்தம் எதுவானாலும் மனு எழுதுவது நான்தான். இதுவரை நானூறு மனு எழுதியிருக்கிறேன். அதில் முந்நூற்றுத் தொண்ணூறு சாங்ஷன் ஆகிவிட்டது. மீதிப் பத்தை, கையெழுத்தின் அழகுக்காக அதிகாரிகள் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

2. எங்கள் ஊர் அமைப்பைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். மேலே செம்மண் மேடு. அதில் மல்லாட்டை (வேர்க்கடலை), சவுக்கு, கொஞ்சம் முந்திரி. கீழே உப்பளம். நடுவில் ஓடை. மழை பெய்தால் மேட்டு மண் கரைந்து ஓடை வழியாக இறங்கி உப்புப் பாத்தியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எனக்குத் தொண்ணூறு சென்ட் நிலம். இது சிட்டாவில் உள்ள கணக்கு. நிலத்தில் போய் அளந்தால் எழுபதுதான் இருக்கும். மீதி இருபது சென்ட் உப்பளத்தில் இருக்கிறது. வரி மட்டும் இன்றைக்கும் என் பெயரில் வருகிறது. ஓடையின் ஆழம் மூன்று பனைமரம் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால்.

3. இதனால் மேட்டுக்காரர்களுக்கும் உப்பளத்துக்காரர்களுக்கும் வருடா வருடம் வாய்த்தகராறு. உப்பளத்தில் சகாயராஜ் என்று ஒரு மேஸ்திரி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் நேராக டீக்கடைக்கு வந்து என்னைத்தான் பிடிப்பார். "பெரியவரே, உங்க மண்ண நீங்களே வச்சிக்கக் கூடாதா? உப்பு வாங்க வந்தவன் கையில எடுத்துப் பாத்துட்டு, 'ஏம்பா, இது உப்பா மொளகாத்தூளா'ன்னு கேட்டுட்டுப் போறான்" என்பார். நானும் விடமாட்டேன். "நல்ல செம்மண்ண வீடு தேடி அனுப்பி வைக்கறோம், ஒரு நன்றி உண்டா உனக்கு?" என்பேன். இப்படிச் சிரித்துக்கொண்டே பேசினாலும், செம்மண் கலந்த உப்பை எந்த வியாபாரியும் எடுப்பதில்லை என்பதும், மேலே எங்களுக்கு விதைக்க மண் இல்லை என்பதும் உண்மை. இரண்டு பக்கமும் ஒரே மண்ணுக்காகத்தான் அழுதோம்.

4. இந்த நிலையில்தான் நீர்வடிப்பகுதித் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தது. இதற்கும் நான் எழுதிய மனுவே காரணம் என்று பலரும் சொல்லிக்கொள்கிறார்கள். நான் சொல்லிக்கொள்வதில்லை. செல்வி பிரியதர்ஷினி என்ற இளம் பொறியாளர் வந்தார். ஸ்கூட்டியில் வந்து இறங்கியதும், "இது கவர்ன்மென்ட் வேலை இல்லைங்க, உங்க வேலை. நாங்க கூட நிப்போம், அவ்ளோதான்" என்றார். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் நாங்கள்தான் கூட நிற்க வேண்டும் என்று சொன்னவர்கள். ஆகவே எல்லோருக்கும் அந்தப் பெண்ணைப் பிடித்துப் போனது. ஊர் வரைபடத்தை நாங்களே தரையில் வரைய வேண்டும், கோலப்பொடி கொண்டு வாருங்கள் என்றார். கோலப்பொடிக்கு எங்கே போவது? சகாயராஜ் ஒரு மூட்டை உப்பைக் கொண்டு வந்து கொட்டினார். கோயில் திடலில் மேடு, ஓடை, தெரு, உப்பளம் எல்லாவற்றையும் உப்பாலேயே வரைந்தோம். தமிழ்நாட்டிலேயே இவ்வளவு வெள்ளையான வரைபடம் வேறு எந்த ஊரிலும் கிடையாது. போட்டோ எடுப்பதற்குள் வைஜெயந்தி அக்காவின் ஆடுகள் நான்கு வந்து வடக்குத் தெரு முழுவதையும், ஓடையில் பாதியையும் நக்கிவிட்டன. நக்கிய இடத்தை நான் நினைவிலிருந்தே மறுபடி வரைந்து கொடுத்தேன். அதில் என் நிலம் சற்றுப் பெரிதாக விழுந்துவிட்டதாக அன்று சிலர் ஆட்சேபித்ததை நான் பொருட்படுத்தவில்லை.

5. பிறகு குழு அமைத்தார்கள். மேட்டுக்காரர்கள் பாதி, உப்பளத்துக்காரர்கள் பாதி, பெண்கள் சரிபாதி. குட்டைக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்றபோது நான் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். டீ வந்துவிட்டபடியால் மற்றவர்கள் எழுந்து போயிருந்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். பலகையில் என் பெயரைப் பெயிண்டில் எழுதினார்கள். பெயருக்கு முன்னால் 'திரு' போட்டிருந்தது.

6. திட்டம் இதுதான். ஓடையின் தலைமாட்டில் ஒரு குட்டை. அதற்குத் தெற்கே, உபரித் தண்ணீர் ஒழுங்காக வழிந்து பழைய ஓடைக்கே போகும்படி ஒரு கற்கட்டு, அதாவது கலிங்கு. கீழே மூன்று தடுப்பணை. மேலே வரப்புகள். வரப்பில் வெட்டிவேர். குட்டை வெட்டும் வேலை ஆனி மாதம் நடந்தது. உப்பளத்துக்காரர்கள் விடியலில் உப்பு வாரிவிட்டு, பத்து மணிக்கு மேல் மண்வெட்டியோடு மேட்டுக்கு வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட இரண்டு கூட்டமும் ஒரே குழியில் இறங்கி வேலை செய்ததைப் பார்த்து என் கண் கலங்கியது. முந்நூறு பேர் வேலை செய்தார்கள் என்று சொன்னால் தாங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். (முப்பத்தொன்பது பேரின் கையெழுத்து இணைப்பில் உள்ளது. மற்றவர்கள் வேலையாக இருக்கிறார்கள்.)

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் குட்டை எதற்காக என்பதைப் பொறியாளர் ஒரு நாள் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். மழைத் தண்ணீர் இதில் வந்து நின்று, மெல்ல மெல்லத் தரைக்குள் இறங்க வேண்டும், இறங்கினால்தான் அடுத்த மழைக்குக் குட்டையில் இடம் இருக்கும், இடம் இருந்தால்தான் தண்ணீர் ஓடிப் போய் மண்ணை அரிக்காது என்று சொன்னாராம். அந்த நேரத்தில் நான், எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்வது என்று தலை எண்ணப் போயிருந்தேன். எண்ணிக்கை இரண்டு முறை தவறியதால் திரும்பி வரத் தாமதமாகிவிட்டது.

7. ஆடி பத்தாம் தேதி முதல் மழை. நல்ல மழை. குட்டையில் இடுப்பளவு தண்ணீர். ஊரே வந்து பார்த்தது. நான் கரையில் நின்று பேசினேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் முழங்கால் அளவு. சாயங்காலம் கணுக்கால். அதற்கு மறுநாள் வெறும் ஈரம். ஐயா, என் நிலையைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பலகையில் என் பெயர் இருக்கிறது. குட்டையில் தண்ணீர் இல்லை. டீக்கடையில் ஒருவன், "பாவாடை பெரியப்பா குட்டை கட்டல, சல்லடை கட்டியிருக்காரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். விளக்கம் சொன்ன அன்று நேரில் உட்கார்ந்து கேட்டவர்களும் சேர்ந்து சிரித்தார்கள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். பொறியாளரோ ஒரு மாதப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். போன் போட்டிருக்கலாம். ஆனால் மேற்பார்வையாளர் என்பவர் எல்லாவற்றுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தால் அப்புறம் மேற்பார்வை என்ன ஆவது?

8. ஒழுகுகிற தரையை ஒழுகாமல் செய்ய இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்? உப்பளத்துக்காரர்களுக்குத் தெரியும். உப்புப் பாத்தியின் தரையைக் களிமண் போட்டு, வரிசையாக நின்று, தோளில் கை போட்டு, ஒரே அடியாகக் காலால் மிதித்து மிதித்து, ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் கூடக் கீழே இறங்காதபடி செய்வார்கள். அந்த வேலையில் அவர்களை அடிக்க ஆள் கிடையாது. அந்த வாரம் மழையால் உப்பளத்தில் வேலையும் இல்லை. நான் சகாயராஜை அழைத்து, "குட்டைத் தரைய பாத்தி மாதிரி மிதிச்சிக் கொடு" என்றேன். அவர் ஒரு சந்தேகம் கேட்டார். அது என்ன சந்தேகம், நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பதின்மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதினால் ஓட்டம் கெட்டுவிடும்.

பழைய பாத்திக் கரையிலிருந்து ஏழு டிராக்டர் களிமண் வந்தது. நாலு நாள் மிதித்தார்கள். என்ன மிதி! குதிகால் விழுகிற சத்தம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாகப் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு நாளும் பொறியாளர் சொன்ன அளவுக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், தங்களுக்குத் தெரிந்த வேலை வந்ததும் திருவிழா மாதிரி ஆகிவிட்டார்கள். நானும் இறங்கி மிதித்தேன். என் அடி எல்லோர் அடியையும் விட ஆழமாக விழுந்ததாக அம்சவல்லி சொன்னாள். அவளும் உப்பளத்தில் கூலி வேலைதான். வரிசையில் மூன்றாவதாக நின்று, நாலு நாளும் விடாமல் மிதித்தவள்.

9. ஆடிப்பெருக்கு அன்றைக்கு மறுபடி ஒரு மழை. குட்டை நிரம்பியது. நிரம்பியது நிரம்பியபடியே நின்றது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். ஒரு விரல் குறையவில்லை. கண்ணாடி மாதிரி தண்ணீர். தேங்காய் உடைத்தோம். கழுவேலி ஏரியிலிருந்து இருநூறு வகைப் பறவைகள் வந்து இறங்கின. அதில் நான்கு வகை வெளிநாடு. சல்லடை என்று சொன்னவன் வந்து தலை குனிந்து தண்ணீரில் முகம் பார்த்துவிட்டுப் போனான். என் வாழ்க்கையில் அந்தப் பதினாறு நாளைப் போல நான் நிம்மதியாக நடந்ததில்லை.

10. பதினாறாம் நாள், அதாவது 19.08.2025 அன்று சாயங்காலம், பெரிய மழை பெய்தது. மேட்டுத் தண்ணீர் முழுவதும் குட்டைக்கு வந்தது. குட்டையில் இடம் இல்லை. ஏற்கெனவே வாய் வரைக்கும் நிரம்பி, நான் பெருமையாக வைத்திருந்தேன். கலிங்கு இன்னும் கட்டவில்லை. தண்ணீர் தெற்குக் கரையை உடைத்துக்கொண்டு, பழைய ஓடையை விட்டுவிட்டு, சரிவில் புதுவழி பார்த்து இறங்கியது. அந்தச் சரிவின் நடுவில்தான் அம்சவல்லியின் தொகுப்பு வீடு இருக்கிறது. அவள் புருஷன் விஜயகுமார் சென்னையில் கொத்தனார் வேலை. இரண்டு பெண் பிள்ளைகளோடு அவள் மட்டும் இருக்கிறாள். அன்றைய மழையில் வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் ஓடை பிறந்தது. அதன் விளிம்புக்கும் வீட்டின் பின்சுவருக்கும் நடுவில் முப்பத்தொரு அடி இருந்தது.

11. 27.08.2025 அன்று ஆய்வுக்கு வந்தார்கள். மேலதிகாரி ஒருவர், அவர்கூட மூன்று பேர், பயிற்சி முடிந்து வந்த பொறியாளர் பிரியதர்ஷினி. மேலதிகாரி அளவுகோலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, "தண்ணி எறங்குதா?" என்று கேட்டார். என் பெருமைக்குச் சவால் விட்டதாக எண்ணி நான், "எறங்கவா? ஒரு சொட்டு எறங்கட்டும் சார், மீசைய எடுத்துக்கறேன்" என்றேன். அவர் அளவுகோலை வெளியே எடுத்தார். "ஐயா, எறங்கறதுக்குத்தான்யா இத வெட்டுனது" என்றார்.

பொறியாளர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையோரமாக இறங்கி, குதிகாலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். சிமெண்ட் தரையில் தட்டிய சத்தம் வந்தது. "நல்லா மிதிச்சிருக்கீங்க" என்றார். பாராட்டு என்று நினைத்து நான் கைகூப்பினேன். பக்கத்தில் நின்ற சகாயராஜ் கைகூப்பவில்லை. அவருக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் உத்தரவு வந்தது. உப்பளத் தொழிலாளர்கள் அனுமதியின்றிக் குட்டையின் தரையை மாற்றிவிட்டார்கள், மக்கள் பங்களிப்பு முறை இக்கிராமத்துக்குப் பொருந்தாது, மறு உத்தரவு வரும்வரை யாரும் அங்கே மண்வெட்டி வைக்கக் கூடாது என்று இருந்தது. களிமண்ணை நாங்களே பெயர்த்து எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு, சகாயராஜ், "போதும் பெரியவரே. மிதிச்சதுக்கே இந்தப் பேரு. தோண்டினா உள்ள வச்சிருவாங்க" என்று சொல்லிவிட்டார். அதன்பின் உப்பளத்துக்காரர்கள் மேட்டுப் பக்கம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் என் பெஞ்சுக்கு எதிர் பெஞ்சு காலியாக இருக்கிறது. மண்ணைப் பற்றிக் கேலி பேசக்கூட ஆள் இல்லை.

12. உடனே நான் தங்களுக்கு ஒரு மனு எழுதினேன். அதில் நான் சும்மா இருந்தபோது உப்பளத்துக்காரர்கள் தாங்களாகவே இறங்கி மிதித்துவிட்டதாக எழுதியிருந்தேன். நடை மிகவும் நன்றாக அமைந்திருந்தது. கையெழுத்து வாங்க உப்பளத்துக்கு எடுத்துப் போனேன். சகாயராஜ் வாங்கி, நின்றபடியே கடைசி வரைக்கும் படித்தார். மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். வாரிக்கொண்டிருந்த உப்பை வாரப் போய்விட்டார். ஒருவர் கூடக் கையெழுத்துப் போடவில்லை. கை நாட்டு வைக்கிறவர்கள் கூட, கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் அம்சவல்லியிடம் போனேன். அவள் வீட்டைக் காப்பாற்றத்தானே மனு, அவள் போடுவாள் என்று நினைத்தேன். அவள் படித்துவிட்டு, "மாமா, மிதிக்கச் சொன்னது யாரு?" என்றாள்.

"நான்தான். அதுக்கு இப்ப என்ன?"

"அப்ப அத எழுது. நானும்தான் மிதிச்சேன். நீ சொன்னன்னு மிதிச்சேன். அவங்க காலு மேல ஏன் பழியப் போடற?"

"அடியே, உன் வீடு போவுதுடி."

"வீடு போனா நான் அழுதுக்கறேன். இதுல என் கையெழுத்து வராது."

அந்த மனுவை இரண்டாகக் கிழித்து, அடுப்பில் கூடப் போடாமல், மரியாதையாக என் கையிலேயே கொடுத்தாள்.

13. ஆகவே உண்மையை எழுதுகிறேன். எட்டாம் பத்தியில் சொன்ன சந்தேகம் இதுதான். சகாயராஜ் என்னிடம், "இன்ஜினியரம்மா இப்டித்தான் செய்யச் சொன்னாங்களா?" என்று கேட்டார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை கேட்டார். நான், "சொல்லிட்டுத்தான் போனாங்க. கூடவே, பாவாடை சொல்றபடி கேளுங்கன்னும் சொன்னாங்க" என்றேன். பொறியாளர் அப்படி எதுவும் சொல்லவில்லை. முதல் பாதியும் சொல்லவில்லை, இரண்டாம் பாதியும் சொல்லவில்லை.

ஐயா, இந்தத் தவறில் ஊருக்குப் பங்கு இல்லை. உப்பளத்துக்காரர்களுக்குப் பங்கு இல்லை. சொன்ன வேலையைச் சொன்னதற்கு மேல் நன்றாகச் செய்ததுதான் அவர்கள் குற்றம். பொறியாளருக்கும் பங்கு இல்லை. அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கடிதத்தை என் விலாசத்துக்கு மாற்றி அனுப்பினால் நான் பதில் எழுதித் தருகிறேன். என் கையெழுத்தில் வாசிக்கவும் நன்றாக இருக்கும். ஒரு முழுக் குட்டையைத் தனி ஒருவன் வாயாலேயே கெடுப்பது லேசான காரியம் அல்ல. இந்த வட்டத்தில் வேறு யாராலும் முடிந்திருக்காது. ஆகவே மக்கள் பங்களிப்பு தோற்றுவிட்டது என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, பாவாடை பங்களிப்பு தோற்றுவிட்டது என்று திருத்தி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். மக்கள் முப்பத்தொன்பது பேர். நான் ஒருவன்தான்.

இதைப் படித்துக் காட்டிய பிறகுதான் சகாயராஜ் முதல் கையெழுத்தைப் போட்டார். போடும்போது, "இவ்ளோ நாளா உண்மையச் சொல்லத் தெரியாதுன்னு இல்ல நெனச்சேன்" என்றார். மற்றவர்கள் வரிசையாக வந்து போட்டார்கள்.

14. இப்போதைய நிலைமை. கரை உடைந்த அந்த மழைக்குப் பிறகு நான்கு சிறுமழை பெய்துவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் நிரம்பிய குட்டை வழிந்து புது ஓடைக்கு மண் தின்னச் சொல்லிக் கொடுக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருந்த முருங்கை போய்விட்டது. துணி துவைக்கிற கல் போய்விட்டது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த கழிப்பறை, அப்படியே நிமிர்ந்தபடி, பூட்டிய கதவோடு ஓடைக்குள் இறங்கி நிற்கிறது. சாவி அம்சவல்லியிடம்தான் இருக்கிறது. இரண்டு பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களையும் அரிசிப் பானையையும் முன் அறைக்கு மாற்றிவிட்டாள். என் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னேன். "நான் போயிட்டா அப்புறம் இத வீடுன்னு யாரு சொல்லுவாங்க?" என்கிறாள். ஐப்பசி மழை பிடித்தால் நாள்கணக்கில் பெய்யும் என்பது தங்களுக்கே தெரியும். சிறுமழைக்கே இப்படி என்றால் பெருமழைக்கு அந்தச் சுவர் நிற்காது.

15. ஆகவே கீழ்க்கண்டவற்றை மிகப் பணிவோடு வேண்டிக்கொள்கிறோம்.

(அ) 28.08.2025 நாளிட்ட நிறுத்த உத்தரவை ரத்து செய்து, குட்டைத் தரையில் உள்ள களிமண்ணைப் பெயர்த்து எடுக்க எங்களுக்கு அனுமதி வேண்டும். மிதித்த கால்களே பெயர்க்கத் தயாராக இருக்கின்றன. உப்பளத்தில் இப்போது வேலை ஓய்ந்துவிட்டது. அனுமதி வந்தால் நாலு நாளில் முடியும். இந்த நாலு நாள் என்பதைச் சொன்னது நான் அல்ல, சகாயராஜ்.

(ஆ) பெயர்த்த களிமண்ணை வீணாக்காமல், புது ஓடையின் தலையை அடைத்துக் கரை கட்டுவதற்கும், அதை மிதித்து உறுதி செய்வதற்கும் அனுமதி வேண்டும். அங்கே தண்ணீர் இறங்கக் கூடாது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

(இ) பொறியாளர் பிரியதர்ஷினி அவர்களையே இந்த வேலைக்குத் திரும்ப அனுப்ப வேண்டும். எதை மிதிக்கலாம், எதை மிதிக்கக் கூடாது என்று அவர் கயிறு கட்டிக் காட்டிவிட்டால் போதும். அவர் விளக்கம் சொல்லும்போது நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். தலை எண்ண வேறு ஆள் போட்டுவிட்டோம்.

(ஈ) கலிங்கும் தடுப்பணைகளும் திட்டத்தில் இருந்தபடியே, எங்கள் உழைப்போடு, முடித்துத் தர வேண்டும்.

(உ) மேற்பார்வையாளர் பொறுப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டு அம்சவல்லியை நியமிக்குமாறு குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். இந்த முறை நிஜமாகவே ஏகமனது. டீ வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. பலகையில் உள்ள என் பெயரை மட்டும் அழிக்க வேண்டாம் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். பிறகு அதையும் அழித்துவிடலாம் என்று நானே எழுதுகிறேன்.

ஐயா, இந்த மனுவில் மூன்று பனைமரம், இருநூறு பறவை, முந்நூறு பேர் என்று சில இடங்களில் கை தாராளமாகப் போயிருக்கலாம். அதையெல்லாம் தாங்கள் குறைத்துப் படித்துக்கொள்ளலாம். ஓர் அளவை மட்டும் குறைக்க வேண்டாம், கூட்ட வேண்டாம். நான் இந்த மனுவை எழுத உட்கார்ந்த புதன்கிழமை அம்சவல்லி வீட்டுப் பின்சுவருக்கும் ஓடை விளிம்புக்கும் பதினான்கு அடி இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு மழை. இன்று காலையில் அவளே ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, சகாயராஜ் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, நான் தொடாமல் தள்ளி நின்று பார்த்தேன். பதினொரு அடி. அளந்த கயிற்றை அந்த இடத்திலேயே அறுத்து இத்துடன் இணைத்திருக்கிறோம்.

தாங்களோ தாங்கள் அனுப்புகிறவரோ வரும்போது அந்தக் கயிற்றை மறக்காமல் எடுத்து வர வேண்டும். சீக்கிரம் வந்தால் சரியாக இருக்கும். தாமதித்து வந்தால் கயிறு மிஞ்சும்.

தங்கள் உத்தரவுக்காக வானத்தைப் பார்த்தபடி இருக்கும்,

க. பாவாடை
(ஒப்பம்)

இடம்: ஓடைமேடு
நாள்: 29.09.2025

இணைப்பு:
1. குழுவினர் முப்பத்தொன்பது பேரின் கையெழுத்தும் கை நாட்டும். (எண்ணியவர்: சகாயராஜ்.)
2. குழுத் தீர்மானத்தின் நகல்.
3. கயிறு ஒன்று, பதினொரு அடி.